சட்டமும் படமும்

எழுபதுகளின் மதராஸில், ஏலத்துக்கு வந்த படத்தை வாங்க நினைப்பவர் முதலில் அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்ப்பார். சட்டம் தேக்கா, நூக்கா, வெறும் பலாவா என்று நகத்தால் கீறுவார். கண்ணாடியை விரலால் சுண்டித் தடிமன் தெரிந்துகொள்வார். சாண் வைத்து நீள அகலம் அளப்பார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் விலை கேட்பார். முன்பக்கத்தில் இருப்பது மதுரை புதுமண்டபமா, விக்டோரியா மகாராணியா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தவன் அங்கே நான் ஒருவன்தான். அதனாலேயே அந்தக் கூட்டத்தில் யாரும் என்னை ஓர் ஆளாக மதிக்கவில்லை.

ஏலம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மவுண்ட் ரோடு பக்கம் நடக்கும். எனக்குப் பீச் லைனில் வங்கி குமாஸ்தா உத்தியோகம். ஞாயிறு மட்டும் கலாரசிகன். 1973-இல் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கை நாற்பது சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ள வேண்டியதானதும், மிச்சமிருந்த துரைமார்களும் பெட்டி கட்டினார்கள். நுங்கம்பாக்கத்துத் தோட்ட வீடுகளிலிருந்தும் நீலகிரி எஸ்டேட் பங்களாக்களிலிருந்தும் லாரி லாரியாகச் சாமான் வந்து இறங்கியது. கால் உடைந்த டிரஸ்ஸிங் டேபிள், மான்கொம்பு, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபிரிட்ஜ், இருபத்து நாலு பேருக்கான பீங்கான் செட்டில் பதினேழு தட்டு, யாரோ எப்போதோ ஜெயித்த டென்னிஸ் கோப்பை. எல்லாம் போன பிறகு, வெயில் ஏறி ஏலக்காரரின் குரலும் கம்மிய பிறகு, படங்கள் வரும். தனியாகக்கூட வராது. "ஹாட் ஸ்டாண்டு ஒண்ணு, கூட படம் ஆறு" என்று சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். ஹாட் ஸ்டாண்டுக்குத்தான் கேள்வி. ஆறு படம், கறிவேப்பிலைக் கொசுறு.

ஏலம் என்றால் போட்டி என்று நினைப்பவர்கள் ஏலத்துக்குப் போகாதவர்கள். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பழைய சாமான் வியாபாரிகள் எல்லாரும் ஒரே சிண்டிகேட். ஒருவர் கேட்பார்; மற்றவர்கள் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று ஏலக்காரர் எவ்வளவு இழுத்தாலும் மூன்றாம் தரம் வரை இன்னொரு குரல் எழாது. புதிதாக யாராவது கை தூக்கிவிட்டால் அவரை உச்சாணிக் கொம்பு வரை ஏற்றிவிட்டு, தாங்கள் சத்தமில்லாமல் இறங்கிக்கொள்வார்கள். உண்மையான ஏலம் அப்புறம் பின்சந்து டீக்கடையில் நடக்கும். அங்கே தங்களுக்குள் மறுபடி கேட்டு, வித்தியாசத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். முறைகேடுதான். ஆனாலும் அவ்வளவு ஒழுங்கான ஒரு கூட்டுறவுச் சங்கத்தை நான் அரசாங்கத் துறையில்கூடப் பார்த்ததில்லை.

இன்று நான் ஏலம் கேட்பது சாப்பாட்டு மேஜையில், மடிக்கணினிக்கு முன்னால். லண்டன் என்றால் மத்தியானத் தூக்கம் போகும். நியூயார்க் என்றால் ராத்திரித் தூக்கம். எதிரில் கேட்பவர் யார் என்று தெரியாது. 'இணையத்தில் மற்றொருவர்' என்று மட்டும் திரையில் வரும். அவர் டோக்கியோவில் இருக்கலாம், அடுத்த தெருவிலும் இருக்கலாம். அந்தக் காலத்து எதிரியை எனக்கு வெற்றிலைக் காவியோடு தெரியும். எந்தத் தொகைக்கு மேல் அவருக்குக் கை நடுங்கும் என்பதும் தெரியும். இந்த மற்றொருவருக்குக் கையே இல்லை. சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் ஏல நிறுவனத்துக்கு இருபத்தைந்து சதவீதம், சில இடங்களில் இன்னும் கூட. அந்தத் தரகுக்கு ஒரு வரி. இணையம் வழியாகக் கேட்ட குற்றத்துக்குத் தனிக் கட்டணம். பேக்கிங், கூரியர், இன்சூரன்ஸ். மீனம்பாக்கத்தில் இறங்கியதும் சுங்கம், ஜிஎஸ்டி. பழைய சிண்டிகேட்காரர்கள் இதைப் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள், தங்கள் கற்பனை வறட்சியை நினைத்து.

படங்களுக்கு அன்று நான் ஏலத்தில் கையே தூக்கியதில்லை. டீக்கடையில் காத்திருப்பேன். சட்டம் வாங்கியவர்களில் ஒருவருக்குப் பூக்கடைப் பக்கம் சாமி படங்களுக்கு பிரேம் போடும் கடை. லாட் கைக்கு வந்ததும் அங்கேயே பெஞ்சில் கவிழ்த்து, குறடால் ஆணியைப் பிடுங்கி, பின் அட்டையை உருவி, காகிதத்தை ஓரமாகப் போடுவார். சட்டத்தையும் கண்ணாடியையும் மட்டும் சாக்கில் சுற்றுவார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அதில் பழனியாண்டவர் குடியேறிவிடுவார்.

"இந்தக் காகிதம் உங்களுக்கு வேணாமாண்ணே?"

"எடுத்துக்க தம்பி. அடுப்புக்குத்தான் போவுது."

சில மாதம் இப்படியே போயிற்று. ஒரு நாள், காகிதத்தைத் தரும்போது விரலை எடுக்காமலே என்னைப் பார்த்தார். "அஞ்சு ரூபா குடு தம்பி. ஒண்ணும் இல்லாம நீ வாரா வாரம் வெயில்ல வந்து நிக்கமாட்டே." சென்னையில் அச்சோவியச் சந்தை பிறந்த நேரம் அதுதான் என்பது என் துணிபு.

இப்படிச் சேர்ந்தவற்றில் கூட்டமாக வந்து விழுந்தது திப்பு சுல்தான்தான். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு லண்டன் பிரிண்ட் வியாபாரிகள் அந்த ஒரு சாவை வைத்தே பிழைத்தார்கள். திப்புவின் கடைசிப் போர், திப்புவின் உடல் கண்டெடுக்கப்படுதல், திப்புவின் மைந்தர்கள் சரணடைதல் என்று எத்தனை ஓவியர்கள் தீட்டி, எத்தனை பேர் செதுக்கினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. வரைந்தவர்களில் பலர் கப்பலேறி இந்தப் பக்கம் வந்ததே இல்லை. என் மனைவி இந்தத் தொகுப்பைப் பார்த்துவிட்டு, "ஏங்க, கல்யாணம் நடக்கிற வீட்டுல சாவு இல்லாத ஒரு நல்ல படமாவது வாங்கக்கூடாதா?" என்று கேட்டாள். இன்னொரு நாள், நாலாவது ஜெனரல் வந்து சேர்ந்தபோது, "இந்த வெள்ளைக்காரன் உங்களுக்கு மாமனா மச்சானா?" என்றாள். இரண்டு கேள்விக்கும் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஏலம் இல்லாத நாளில் மூர் மார்க்கெட். 1900-இல் திறந்து, 1985 மே 30-ஆம் தேதி எரிந்துபோன அந்தச் செங்கல் கட்டடத்தைப் பற்றி எழுதாத மதராஸ்காரன் இல்லை என்பதால் நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஒரு கடைக்கார பாயை மட்டும் சொல்லவேண்டும். அவர் புத்தகங்களைப் பிரித்து விற்பவர். முழுப் புத்தகம் ஒரு தடவைதான் விற்கும். பிரித்தால் படத்துக்குப் படம் விற்கும் என்பது அவர் கண்டுபிடித்த பொருளாதாரம். அதே கண்டுபிடிப்பை லண்டனும் பாரிஸும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செய்துவிட்டிருந்தன என்று அவருக்குத் தெரியாது. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர் சொன்னரா 1782-இல் பாரிஸில் வெளியிட்ட பயண நூல் ஒன்று உண்டு. அதில் பொயஸ்ஸோன் செதுக்கிய 140 தகட்டுப்படங்கள். சோழமண்டலக் கரையின் சாமிகளும், தொழில் செய்யும் மனிதர்களும், செடிகொடிகளும் அதில் வரிசையாக நிற்பார்கள். முதுகு போன ஒரு தொகுதி பாயின் கடைக்கு வந்திருந்தது. "பிரெஞ்சு யாரு சார் படிக்கப்போறா?" என்று சொல்லிக்கொண்டே பிளேடை எடுத்தார்.

மயிலாப்பூரில் எனக்கு இந்த வித்தை சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் இருந்தார். புத்தகத்தைக் கிழிப்பவன் ரௌரவாதி நரகத்துக்குப் போவான் என்று சாபமிடுவார். மூச்சு வாங்கிக்கொண்டு, "ஓய், அந்த பாய் கடையில மீதி ஷீட் வந்துதா பாரும்" என்பார். அவர் வீட்டில் பிள்ளையாரும் முருகனும் சொன்னராவிலிருந்து தனித்தனியாகப் பிரிந்து வந்து, ஆளுக்கொரு சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

வக்கீலின் பாடம் எல்லாம் காகிதத்தைப் பற்றியது. படத்தைப் பார்க்கவே விடமாட்டார். "முதல்ல வெளிச்சத்துல பிடியும்." பிடித்தால் காகிதத்துக்குள்ளிருந்து நீர்க்குறி தெரியும், அதில் 'ஜே. வாட்மன்' என்ற காகித ஆலைக்காரர் பெயரும் சில சமயம் வருஷமும் இருக்கும். "இப்ப படத்துக்குக் கீழே என்ன வருஷம் போட்டிருக்கான்?" 1798 என்று இருக்கும். நீர்க்குறியில் 1820-க்கு மேல் ஒரு வருஷம் இருக்கும். "தகடு பழசு, அச்சு புதுசு. ஏமாந்துடாதீர்." படத்தின் கீழ் வெளியான தேதியைப் போட்டே ஆகவேண்டும் என்று ஹோகார்த் என்ற ஓவியர் போராடி 1735-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் வாங்கினார். தன் படங்களைத் திருடி அச்சடிப்பவர்களைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம். தகட்டில் ஒருமுறை வெட்டிய தேதி அதிலேயே நின்றுவிடும். பேரன் காலத்தில் அச்சடித்தாலும் தாத்தா தேதிதான் விழும். அடுத்தது தகட்டுத் தடம். செப்புத் தகட்டின் மேல் ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் அழுத்தும்போது விளிம்பைச் சுற்றிப் பள்ளம் விழும். அதை விரல் நுனியால் தடவிப் பார்க்கவேண்டும், கண்ணை மூடிக்கொண்டு. கடைசியாகத்தான் பூதக்கண்ணாடி. புள்ளிகள் சிப்பாய்கள் மாதிரி அணிவகுத்து நின்றால் அது பிற்கால இயந்திர அச்சு, எறிந்துவிடலாம்.

அவரிடம் ஒரு ரெம்பிராண்ட் இருந்தது. ஆம், நிஜ ரெம்பிராண்ட்தான். முந்நூறை ஒட்டிய எட்சிங்குகளை, அதாவது திராவகத்தில் அரித்த தகட்டுப்படங்களை, செய்தவர் அவர். அவர் செத்த பிறகும் அவருடைய தகடுகள் சாகவில்லை. கை மாறிக் கை மாறி, பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் பாரிஸில் பஸான் என்ற வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தன. தேய்ந்த இடத்தைத் திரும்பக் கொத்தி அவர் மறுபடி அச்சடித்து விற்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் விற்றார்கள். இந்த விஷயத்தில் வில்லியம் பெய்லி என்ற கேப்டனுக்குத்தான் முதல் பரிசு. 'நூறு கில்டர் படம்' என்று விலையாலேயே பெயர் பெற்ற ரெம்பிராண்டின் மகத்தான தகட்டை வாங்கி, 1775-இல் தன் கையால் 'சரிசெய்து' அச்சிட்டார். போதுமான அளவு விற்றதும் தகட்டை நாலு துண்டாக வெட்டி, துண்டு துண்டாகவும் அச்சிட்டு விற்றார். எங்கள் மூர் மார்க்கெட் பாய் பிளேடோடு நின்றுவிட்டதை நினைத்தால் அவர் மேல் மரியாதை கூடுகிறது.

சரி, என்னிடம் உள்ள ஓர் அருவிப் படத்துக்கு வருகிறேன். அது ஹாட் ஸ்டாண்டோடு வந்த ஆறில் ஒன்று. பிரேம் போட்ட யாரோ ஒரு புண்ணியவான் சட்டத்துக்குள் அடங்கவேண்டும் என்று காகிதத்தை நாலு பக்கமும் நறுக்கியிருந்தான். தலைப்பு போயிற்று, தேதி போயிற்று, தகட்டுத் தடமும் போயிற்று. மிஞ்சியது பாறை, மரம், அருவி. ஓரங்களில் ராமபாணப் பூச்சி தின்ற தடம். மேலே, வானத்தில், காகிதத்துக்கு வயதானால் வரும் துரு நிறப் புள்ளிகள். மதராஸ் காற்றின் ஈரம் தன் பங்குக்கு வரைந்த மேகம். கை வைத்தவர்கள் எல்லாரும் குற்றாலம் என்றார்கள். நானும் குற்றாலம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வங்கியில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர் காப்பி டம்ளரோடு அதன் முன்னால் போய் நின்றார்.

"குத்தாலம்னு எவன்வே சொன்னான்? பாபநாசம்லா இது."

அவர் கலை எதையும் ஆராயவில்லை. சின்ன வயதில் அந்தப் பாறையிலிருந்து குதித்திருக்கிறார். அவ்வளவுதான். அதை நிச்சயப்படுத்திக்கொள்ள கன்னிமாரா நூலகத்துக்கு எத்தனை சனிக்கிழமை அலைந்தேன் என்று கேட்கவேண்டாம். அட்டவணையில் இருக்கும் புத்தகம் அலமாரியில் இருக்காது. அலமாரியில் இருந்தால் பைண்டிங்குக்குப் போகும் முறை அன்றைக்கு வந்திருக்கும். கடைசியில் ஒரு வழியாக விவரம் கிடைத்தது. தாமஸ் டேனியல், அவர் சகோதரர் மகன் வில்லியம். 'ஓரியண்டல் சீனரி' தொகுப்பு. திருநெல்வேலிச் சீமைப் பாபநாசத்து அருவி, 1804.

இன்றைக்கு இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. பேரன் கைபேசியை அந்தப் படத்துக்கு நேரே நீட்டினான். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் படத்தின் பெயர், வருஷம், எந்தெந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கடைசியாக எந்த ஏலத்தில் என்ன விலைக்குப் போனது, எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. அன்று படம் கிடைத்தது, விவரம் கிடைக்கவில்லை. இன்று விவரம் கிடைக்கிறது, படம் கிடைப்பதில்லை. விவரம் எல்லாருக்கும் தெரிந்துவிட்ட பொருளை ஹாட் ஸ்டாண்டோடு யார் தருவார்கள்?

டேனியல்களின் கதை எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அது முழுக்கச் சில்லறைக் கவலைகளால் ஆனது. 1786-இல் இருவரும் கல்கத்தாவில் இறங்கினார்கள். பையனுக்குப் பதினேழு வயதுகூட நிரம்பவில்லை. 1792-இல் சென்னைக்கு வந்து, பல்லக்கும் சுமையாட்களும் வைத்துக்கொண்டு மைசூர் யுத்தம் ஓய்ந்த பாதையில் தெற்கே புறப்பட்டார்கள். மதுரை, பாபநாசம், தஞ்சாவூர் என்று சுற்றிவிட்டு அடுத்த வருஷத் தொடக்கத்தில் சென்னை திரும்பினார்கள். கையில் ஏராளமான ஓவியம், ஆனால் காசு இல்லை. ஓவியங்களை லாட்டரி போட்டு விற்றார்கள். பரிசுச் சீட்டுக்கு முன்னோடி அண்ணா என்று நினைத்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் கவனிக்கவேண்டும்.

லண்டன் திரும்பி ஃபிட்ஸ்ராய் சதுக்கம் பக்கம் குடியேறி, 1795-இலிருந்து 1808 வரை 144 படங்களைத் தகட்டில் ஏற்றினார்கள். அந்த முறைக்கு அக்வாடிண்ட் என்று பெயர். கோடு மட்டும் போதாது, நீர்வண்ணம் போல நிழல் வேண்டும் என்பதற்காகக் கண்டுபிடித்தது. செப்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். திராவகத்தில் இறக்கினால் துகள்களுக்கு நடுவே மட்டும் அரிக்கும். வெளுப்பாக வேண்டிய இடத்தை வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மற்றதை மறுபடி இறக்கவேண்டும். கருப்பு வேண்டும் என்றால் மறுபடி, மறுபடி. பூதக்கண்ணாடி வைத்து என் அருவியைப் பார்த்தால் பாறையின் நிழல் முழுவதும் தேன்கூட்டை நசுக்கியது போன்ற ஓர் ஒழுங்கில்லாத வலை. நகர்த்திக்கொண்டே போய் அருவிக்கு வந்தால் அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் காகிதம். தண்ணீரை அவர்கள் வரையவில்லை, வரையாமல் விட்டிருக்கிறார்கள். அச்சடித்த பிறகு மேலே கையால் வண்ணம் தீட்டினார்கள். முழுத் தொகுப்பின் விலை 210 பவுண்டு. அந்தக் காலத்துச் சாமானிய ஆங்கிலேயன் பல வருஷம் உழைத்தாலும் சேர்க்கமுடியாத தொகை. பணக்காரனின் நூலகத்துக்காகச் செய்த பொருள் அது. ஹாட் ஸ்டாண்டோடு எனக்கு வந்ததுதான் வரலாற்றில் ஒரு சின்ன வழுக்கல். இப்போது சந்தை அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறது.

டேனியல்களாவது பிழைத்துக்கொண்டார்கள். ஆண்ட்வெர்ப்காரர் சோல்வின்ஸ் இந்துக்களின் வாழ்க்கையைக் கல்கத்தாவில் 250 எட்சிங்குகளாகச் செய்தார், விற்கவில்லை. பாரிஸுக்குப் போய் 1808-க்கும் 1812-க்கும் நடுவில் 288 தகடுகளாக இன்னும் பெரிதாகச் செய்தார், அதுவும் விற்கவில்லை. இன்று அவருடைய ஒற்றைத் தாளுக்கு ஏலத்தில் கைகள் உயர்வதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனுஷனுக்கு ஒரு தந்தி அடிக்கலாம் போலிருக்கும்.

இப்போது படம் இல்லாத இடம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ செட்டிநாட்டிலோ எந்தப் பாரம்பரிய விடுதிக்குப் போனாலும் வராந்தா முழுக்க டேனியல். கம்ப்யூட்டர் பிரிண்ட், காகிதத்துக்கு டீத்தண்ணீர் நிறம் கொடுத்து, துருப் புள்ளிகள்கூட அச்சிலேயே வந்துவிடுகின்றன. என் வீட்டில் ஈரக்காற்று இரண்டு தலைமுறையாகப் பாடுபட்டு உண்டாக்கியதை இவர்கள் ஒரு பொத்தானில் செய்துவிடுகிறார்கள். மாட்டுகிறவர் உள்அலங்கார நிபுணர். கதவின் நிறத்துக்கு எது பொருந்தும் என்று பார்த்து மாட்டுவார். நகரத்தின் ஓர் ஆடம்பர உணவகத்தில் பஃபே மேஜைக்கு நேர் மேலே, பொன் முலாம் சட்டத்துக்குள், 1877-ஆம் வருஷத்து லண்டன் சித்திரப் பத்திரிகை ஒன்றின் பக்கம். மரத்தில் செதுக்கி அச்சிட்டது, அசல். தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக மதராஸ் ஜனங்கள் தானியத்துக்குக் காத்திருக்கும் காட்சி. அதன் கீழே ஆட்டிறைச்சிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, அது என்ன படம் தெரியுமா என்று கேட்டேன். "ஓல்டு மெட்ராஸ் சார். கெஸ்டுங்க எல்லாம் கூட நின்னு செல்ஃபி எடுத்துக்குவாங்க."

ரசனை விஷயத்தில் சந்தை செய்த பெரிய குறும்பு ரவி வர்மா. 1894-இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தின் ஓலியோகிராஃப் லட்சுமியும் சரஸ்வதியும் எல்லார் பூஜையறையிலும் இருந்தார்கள். சில வீட்டில் பெண்கள் ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்து அம்பாளுக்குப் புடவையே கட்டியிருப்பார்கள். மயிலாப்பூர் வக்கீல் அவற்றை 'காலண்டர்' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவார். தொட்டால் கையைக் கழுவுவார். இன்று அவருடைய ஜெனரல்களையும் கர்னல்களையும் சீண்ட ஆளில்லை. சமிக்கி வைத்த சரஸ்வதிக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் சொல்லும் விலையைக் கேட்டால் வக்கீல் இன்னொரு முறை போய்ச் சேர்ந்துவிடுவார். அவருடைய வாரிசுகள் தொகுப்பை விற்றபோது ஏல நிறுவனத்து இளைஞர் வந்து பார்த்தார். ஜெனரல்களைக் கடந்து, புதுமண்டபத்தைக் கடந்து, மாமி பூஜையறைக்குள் எட்டிப் பார்த்து, "இதைக் கொடுப்பீங்களா?" என்றாராம்.

எட்சிங் என்னவோ செத்துப்போன கலை என்று நினைக்கவேண்டாம். 1850-இல் டாக்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளி, இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி, இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் இன்றும் தகட்டைத் திராவகத்தில் இறக்கி, விரல் நகமெல்லாம் மை ஏறி நிற்கிறார்கள். ஆண்டுக் கண்காட்சியில் ஒரு பெண்ணின் எட்சிங் வாங்கினேன். சென்ட்ரல் ஸ்டேஷன் நடைமேடையில் தூங்கும் ஒரு குடும்பம். கால்மாட்டில் நாயும் தூங்குகிறது. என் ஜெனரல்கள் எல்லாரையும்விட நல்ல படம். பத்துப் பிரதியில் மூன்றாவது என்று பென்சிலில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தது அந்தப் பெண். எனக்குப் பின்னால் வரிசை எதுவும் இல்லை. அதற்கு பிரேம் போட்டபோது பிரேமுக்குத்தான் செலவு அதிகம்.

தற்சமயம் எங்கள் வீட்டுப் பிரச்சினை வேறு. மகள் லண்டனில் வீடு வாங்கியிருக்கிறாள். ஹால் சுவர் காலியாக இருக்கிறதாம். தாத்தா ஊர்ப் பக்கத்து அருவி வேண்டுமாம். எடுத்துக்கொண்டு போவதற்கு என்ன என்று நினைத்தேன். 1972-இன் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் குறுக்கே வந்து நின்றது. நூறு வயதைத் தாண்டிய கலைப்பொருள் எதையும் தனிமனிதன் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. லண்டன்காரன் லண்டனில் செதுக்கி லண்டனிலேயே அச்சடித்த காகிதம் லண்டனுக்குப் போக முடியாது. அது வந்த வழியைச் சட்டம் கேட்காது. வயதை மட்டுமே கேட்கும். எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. திரும்பி வராமலே போன நம்மூர் வெண்கலங்களை நினைத்தால் சட்டம் இருக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது.

ஒரே ஒரு வாசல் உண்டு. பொருளைத் தொல்லியல் துறையிடம் காட்டலாம். நிபுணர்கள் பார்த்து, 'இது தொல்பொருள் அல்ல' என்று சான்றிதழ் தந்தால் தாராளமாக விமானம் ஏறலாம். நீர்க்குறியை வெளிச்சத்தில் பிடித்து, வலையைப் பூதக்கண்ணாடியில் தேடி, கன்னிமாராவில் தூசி தின்று, இது அசல் என்று நிரூபிப்பதிலேயே காலம் தள்ளிய ஆசாமி, இது போலி என்று ஓர் அதிகாரி கையெழுத்துப் போடவேண்டுமே என்று இப்போது வேண்டிக்கொள்ளவேண்டும்.

போனில் மகளிடம் இதை விளக்கினேன்.

"அப்போ அவங்க பழசு இல்லன்னு சொல்லிட்டாப் போதுமாப்பா? சொல்லிடுவாங்கல்ல?"

"சொல்லவே மாட்டாங்கம்மா," என்றேன். என் குரலில் கொஞ்சம் அதிகமாகவே சந்தோஷம் தெரிந்திருக்கவேண்டும். மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அந்தப் படம் உங்க ஊரு பெரிய லைப்ரரியிலேயே இருக்காம்டி. கம்ப்யூட்டர்ல ஓசியிலேயே பாக்கலாமாம். அதைப் பெரிசா பிரிண்ட் போட்டு மாட்டிக்கோ. நல்ல பிரேமா மட்டும் நான் இங்கேருந்து வாங்கி அனுப்பறேன்."